மஷ்ஷிக்கு நூறு, விமானத்துக்கு அறுபது

கஃபர் நூர் பொறியியல் கல்லூரியின் வானூர்தித் துறைக்குச் சொந்தமாக ஒரே ஒரு விமானம் இருந்தது. கல்லூரி வாசலில், சிமென்ட் மேடையில், மூக்கை வானத்துக்குத் தூக்கியபடி நின்றது. இஞ்சின் கிடையாது. விமானி உட்காரும் இடத்தில் ஒரு பூனைக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தது. வெளிநாட்டிலிருந்து அங்கீகாரக் குழு வருகிறது என்று தெரிந்ததும், துறைத் தலைவர் பேராசிரியர் டாக்டர் அஸ்மி ஜஹ்ரான் முதல் வேலையாக அதற்கு வெள்ளையடிக்கச் சொன்னார். பூனைகளை விரட்டவும் சொன்னார். வெள்ளையடித்தார்கள், விரட்டினார்கள். மறுநாள் பூனைகள் வெள்ளைக் கால்களோடு திரும்பி வந்து படுத்துக்கொண்டன.

இரண்டாவது வேலை, குறிக்கோள்கள்.

இந்தப் படிப்பை எதற்காக நடத்துகிறோம், இதைப் படித்து முடித்தவன் ஐந்து வருஷம் கழித்து என்னவாக இருப்பான் என்பதைத் துறை எழுதி வைத்திருக்க வேண்டும். வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். டாக்டர் அஸ்மி நான்கு எழுதினார். நம் பட்டதாரி தன் தொழிலில் தலைமை தாங்குவான். குழுவோடு சேர்ந்து நேர்மையாக உழைப்பான். வாழ்நாள் முழுவதும் கற்றுக்கொண்டே இருப்பான். சமூகத்தின் தேவையறிந்து சேவை செய்வான். எழுதி முடித்ததும் அவருக்கே கண் கலங்கிவிட்டது என்று பேச்சு. பெரிய எழுத்தில் அச்சடித்துத் தாழ்வாரத்திலும் மாடிப்படித் திருப்பங்களிலும் ஒட்டினார்கள். கழிவறைக் கதவின் உட்பக்கத்தைக்கூட விடவில்லை. படித்து முடித்தவர்கள் உண்மையில் எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் யாரும் போய்ப் பார்க்கவில்லை. அது குறிக்கோளில் இல்லை.

குழுவினர் வழியில் எதிர்ப்படுகிறவரைக்கூட நிறுத்திக் கேட்பார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து கல்லூரியே திண்ணைப் பள்ளிக்கூடமாகிவிட்டது. மாணவர்கள், குமாஸ்தாக்கள், வாசல் காவலர், எல்லோரும் மனப்பாடம் செய்தாக வேண்டும். தேநீர் கொடுக்கும் சாபிர் மாமாவுக்கும் விலக்கில்லை.

"சாபிர், மூணாவது என்ன?"

"வாழ்நாள் முழுக்கக் கத்துக்கிட்டே இருப்பான், டாக்டர் ஐயா."

"யாரு?"

"நான்தான்."

"நீ இல்லய்யா! பட்டதாரி!"

"அப்ப அவன் கத்துக்கட்டும் ஐயா. எனக்கு ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு."

இந்தக் கதையை சாபிர் மாமாவே இனாஸின் சமையல்கூடத்துக்கு வந்து சொன்னார். நகலெடுக்கும் கடைகளுக்குப் பின்னால் இருந்தது அந்தச் சமையல்கூடம். வாசலில் 'மும்தாஸ்' என்று பலகை. மும்தாஸ் யாருடைய பெயரும் அல்ல. பரீட்சையில் ஆக உயர்ந்த தரத்துக்கு அங்கே வழங்கும் சொல். கடையின் தொழிலும் பரீட்சையைச் சேர்ந்ததுதான். கஃபர் நூரில் ஒருவன் பட்டத்துக்காகத் தேர்வாளர்கள் முன்னால் வாய்மொழித் தேர்வுக்கு நின்றால், அவர்களுக்கு விருந்தும் அவன்தான் வைக்க வேண்டும். எங்கும் எழுதி வைத்த விதியல்ல. எழுதி வைத்த விதிகளை மீறினால் தப்பிக்கலாம், இதை மீறினால் முடியாது. முதுகலைக்குக் கோழி. முனைவர் பட்டத்துக்கு, வயிற்றுக்குள் கோதுமை நொய் அடைத்த புறா. தேர்வாளர் கொஞ்சம் கண்டிப்பான பேர்வழி என்றால் கூடுதலாக ஒரு தட்டு குனாஃபா இனிப்பு. இனாஸைக் கேட்டால் எந்தப் பேராசிரியருக்கு எது தொண்டையில் இறங்கும், எதற்கு மதிப்பெண் ஏறும் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள்.

"உன்கிட்டதான் சாப்பாட்டுக்குச் சொல்லச் சொன்னாரு," என்றார் சாபிர் மாமா. "மத்தியான விருந்து. வெள்ளைக்காரங்களுக்கு. அந்தத் திராட்சை இலை மஷ்ஷி கண்டிப்பா இருக்கணுமாம். இது நல்லபடியா முடிஞ்சா டீன் நாற்காலி அவருக்குத்தான்னு பேசிக்கிறாங்க, மகளே."

இனாஸ் மஷ்ஷிக்காக இலையில் சோற்றை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. ஆனால் அந்த ஒரு சுருட்டு மட்டும் நசுங்கி, சோறு பிதுங்கிக்கொண்டு வந்தது.

"செஞ்சுடலாம் மாமா. நானே நேர்ல வந்து பரிமாறறேன்னு சொல்லுங்க."

பத்து வருஷத்துக்கு முன்னால் இனாஸ் அதே துறையின் மாணவி. கடைசி வருஷச் செயல்திட்டத்துக்கு, பருத்தி வயலுக்கு மருந்து தெளிக்கும் ஆளில்லாச் சிறு விமானம் ஒன்றை வரைந்து, செய்து, பறக்கவும் விட்டிருந்தாள். நான்கு வருஷ மதிப்பெண்களைக் கூட்டினால் வகுப்பில் முதல் அவள்தான். அவளுக்கு அடுத்தபடி ஷெஹாப், டாக்டர் அஸ்மியின் மகன். முதலாவதாக வருகிறவருக்குத் துறையிலேயே உதவி ஆசிரியர் வேலை, பிறகு அரசாங்கச் செலவில் வெளிநாட்டுப் படிப்பு. பெற்ற மகனுக்குத் தகப்பன் மதிப்பெண் போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. டாக்டர் அஸ்மி சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், போடவில்லை. மகனுக்கு முன்னால் நின்றவளுக்குத்தான் போட்டார்.

வாய்மொழித் தேர்வு அன்றைக்கு இனாஸின் அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து மஷ்ஷி செய்து கொடுத்திருந்தாள். டாக்டர் அஸ்மி மூன்று தட்டு சாப்பிட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அவள் பேசியதைக் கேட்டார். விழித்தபோது, "தன்னம்பிக்கை பத்தல," என்றார். அந்தக் கல்லூரியின் வாசலில் கால் வைத்த முதல் நாளே காவலர்கூட மாணவனை 'பாஷ்முஹந்திஸ்', அதாவது தலைமைப் பொறியாளரே, என்று கூப்பிடுவார். குழாய் ரிப்பேர்காரனுக்கும் அங்கே அதே மரியாதைதான். டாக்டர் அஸ்மி மட்டும் அவளை "ஏ பொண்ணு" என்றார். கூடியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தபடி, "மஷ்ஷிக்கு நூறு, விமானத்துக்கு அறுபது! உனக்கு எது வரும்னு தெரிஞ்சுபோச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காமல் இருக்க முடியாது, அவர்களுக்கும் அடுத்தடுத்துத் தேர்வு இருந்தது.

அறுபதோடு இனாஸ் ஐந்தாவது இடத்துக்குப் போனாள். ஷெஹாப் உதவி ஆசிரியர் ஆனான், பிறகு கனடாவுக்குப் போனான், போனவன் போனவன்தான். இனாஸ் எட்டுக் கம்பெனிகளின் படியேறி இறங்கினாள். ஒரு நாள் சமையலறையில் நின்று, 'சரி டாக்டர், எது வருமோ அதையே செய்கிறேன். ஆனால் உங்கள் தொண்டைக்குள்தான் செய்வேன்,' என்று சொல்லிக்கொண்டாள். பலகைக்கு மும்தாஸ் என்று பெயர் வைத்தது அதனால்தான். அவர் தராத தரத்தை அவர் தினமும் வாசித்துக்கொண்டு போகட்டும் என்று. அவரோ தினமும் வாசித்தார், மாதம் தவறாமல் அவள் சமையலைச் சாப்பிட்டார், ஒரு தடவைகூட அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு அவள் 'மஷ்ஷி மேடம்'. அவர் செய்ததைவிட அந்த மறதிதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

சாபிர் மாமா போனதும் அடுப்படியிலிருந்து பீஷோய் தலையை நீட்டினான். வேன் சாவியைச் சுழற்றியபடி மித்ஹத் வந்தான். இரண்டு பேரும் அவளுடைய வகுப்புத் தோழர்கள்தான். பீஷோய் வெப்பவியலில் கெட்டிக்காரன், இப்போது அடுப்பு அவன் பொறுப்பு. மித்ஹத் ஏவுகணைப் பாதைகளைக் கணக்குப் போட்டவன், இப்போது சாயங்கால நெரிசலில் வேனை நுழைக்கிறான்.

"அன்னிக்கி பரிமாறப் போறது நாம மூணு பேரும்தான்," என்றாள் இனாஸ்.

"நம்மகிட்ட பரிமாற ஆள் இருக்கே, பாஷ்முஹந்திஸா?"

"உங்க பட்டதாரிங்க எங்கன்னு அவங்க கேப்பாங்க. நாம தட்டோட நிப்போம். இந்தா இருக்கோம்னு சொல்லுவோம். விமானம் படிச்சவன் மேசை தொடைக்கிறான்னு வெள்ளைக்காரன் எழுதிட்டுப் போகட்டும். அந்த நாற்காலில அந்த ஆளு உக்காரக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

பீஷோய் தாடையைச் சொறிந்தான். "இப்பப் படிக்கிற பசங்க டிகிரி என்ன ஆவும்?"

"நம்ம டிகிரி என்ன ஆச்சு?"

பீஷோய் கையிலிருந்த கரண்டிதான் அதற்குப் பதில்.

குழு வந்த நாள் காலையில், விருந்து மண்டபத்துக்குப் பின்னாலிருந்த அறையில் பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தபோது டாக்டர் அஸ்மியே வந்துவிட்டார். புதுச் சூட்டு. கழுத்துப் பட்டையில் சின்னச் சின்ன விமானங்கள்.

"நீங்க மஷ்ஷி மேடம்தானே? உங்க ஆளுங்களுக்கு நாலு குறிக்கோளும் தெரியுமா?"

"நாங்க சாப்பாடு போட வந்தவங்க, டாக்டர்."

"அவங்க யார வேணா கேப்பாங்க மேடம், நம்ப முடியாத ஜனங்க. சொல்லுங்க பாப்போம், முதலாவது."

இனாஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார், பத்து வருஷத்துக்கு முன்னால் மூடியது போலவே. அவள் நான்கையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். 'நேர்மையாக உழைப்பான்' என்ற இடத்தில் மட்டும் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். இமைகூட அசையவில்லை.

"பரவால்ல," என்று கண்ணைத் திறந்தார். "ஆனா தன்னம்பிக்கை பத்தல."

அவர் போனதும் பீஷோய் மெதுவாகக் கேட்டான், "மறுபடியும் அறுபதா?"

"வாய மூடிட்டு அடுப்பப் பாரு."

மத்தியான விருந்தில் குழுவினர் மூன்று பேர். தலைவி டாக்டர் ப்ரூன், ஹாலந்துக்காரி, கொடிக்கம்பம் மாதிரி நெடுநெடுவென்று இருந்தாள். தண்ணீரைக்கூடச் சொந்தப் புட்டியில் கொண்டுவந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் ஒரு ஸ்பானியப் பேராசிரியரும், எதையும் பேசாமல் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும் இன்னொருவரும். எதிரே டாக்டர் அஸ்மி. அவருக்குப் பக்கத்தில், தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருந்த இரண்டு பட்டதாரிகள். ஒருவன் "விமானப் போக்குவரத்துத் துறையில்" இருந்தான், டிக்கெட் போடும் கடை. இன்னொருவன் "விண்வெளித் தகவல் தொடர்பில்" இருந்தான், மொட்டை மாடிகளில் டிஷ் ஆன்டெனா திருப்பி வைக்கிறவன். இரண்டு பேரும் நான்கு குறிக்கோள்களையும் ஒரே ராகத்தில் ஒப்பித்தார்கள்.

டாக்டர் ப்ரூன் பேனாவை மூடினாள். "காலையில உங்க வாசல் காவலர் இதச் சொன்னார். டீக்காரர் சொன்னார். கழிவறையிலயும் படிச்சேன். எல்லாருக்கும் ஒரே வாக்கியம்." கொய்யாச் சாறு ஊற்றிக்கொண்டிருந்த மித்ஹத்தின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும் மேடம்," என்றான் மித்ஹத். "நான் இந்தத் துறைப் பட்டதாரி."

வெள்ளைப் பால்குழம்பு ஊற்றிய பெஷமல் தட்டோடு வந்த பீஷோய் அப்படியே நின்றான். "நானும்தான் மேடம். ஒரே வகுப்பு."

"நானும்," என்றாள் வாசலில் நின்ற இனாஸ். "இவங்க என்கிட்ட வேலை பாக்கறாங்க. கடை என்னோடது."

டாக்டர் அஸ்மியின் முகம் பெஷமல் நிறத்துக்கு வந்தது. டிஷ் ஆன்டெனாக்காரன் மேசை விரிப்புக்குள் புகுந்துவிடலாமா என்று பார்த்தான். இனாஸ் இந்த நொடிக்காகத்தான் பத்து வருஷம் இலை சுருட்டியிருந்தாள். அதை வாயில் போட்ட வெல்லக்கட்டி மாதிரி அவசரப்படாமல் கரையவிட்டாள்.

"ஐந்து வருஷம் கழிச்சு நீங்க என்னவா இருக்கணும்னு இங்க எழுதியிருக்கு," என்றாள் டாக்டர் ப்ரூன். "அது நடந்துச்சா?"

"நடந்துச்சே," என்றாள் இனாஸ். "தலைமை தாங்கறேன், இவங்களோட சேத்து பத்துப் பன்னெண்டு பேருக்கு. குழுவா உழைக்கறோம், அடுப்படி சின்னது, வேற வழியில்ல. கத்துக்கிட்டே இருக்கேன். புறா வயித்த எப்படித் தைக்கறதுன்னு டாக்டர் எழுதின பாடத்திட்டத்துல இல்ல. சமூகத்தோட தேவையும் தெரிஞ்சுக்கிட்டேன். இந்த ஊர்ல படிச்சவங்களுக்குத்தான் பசி ஜாஸ்தி."

ஈட்டி எறிந்த மாதிரிதான் எறிந்தாள். அது பூங்கொத்தாகப் போய் விழுந்தது.

டாக்டர் ப்ரூன் வாய்விட்டுச் சிரித்தாள். ஸ்பானியப் பேராசிரியர் மேசையைத் தட்டினார். "அற்புதம்! நாலு நாடு சுத்திட்டேன், பட்டதாரின்னு கூட்டிட்டு வந்தவங்க எல்லாரும் பொம்மைங்க. இவங்கதான் நிஜம். சொந்தத் தொழில், கூட ரெண்டு தோழர்களுக்கு வேலை! இதவிட என்ன வேணும்?" பேசாமல் எழுதுகிறவர் வேகமாக எழுதினார்.

டாக்டர் அஸ்மி இரண்டு மூச்சு விட்டார். முதல் மூச்சில் உயிர் திரும்பியது, இரண்டாவதில் மார்பு விரிந்தது.

"இதுதான் எங்க திட்டமே!" என்று எழுந்துவிட்டார். "எங்க பட்டதாரி வேலை தேட மாட்டான், வேலை குடுப்பான். உங்களுக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் முன்கூட்டிச் சொல்லல. நாளைக்கே அஞ்சாவது குறிக்கோளா சேத்துடறேன். பாஷ்முஹந்திஸா! ஏன் நிக்கறீங்க? வாங்க, வந்து உக்காருங்க!"

அந்தச் சொல் கடைசியில் வந்தேவிட்டது. அவர் வாயிலிருந்து, பத்துப் பேர் முன்னிலையில். கை துடைக்கத் துணியை எடுப்பது மாதிரி அதை எடுத்து, துடைத்துக்கொண்டார். இனாஸின் காதுகள் கொதித்தன. அவரைக் கவிழ்க்க வந்த மூன்று பேரையும் படிக்கட்டாக்கி அவர் டீன் நாற்காலிக்கு ஏறிக்கொண்டிருந்தார். மித்ஹத் அவளைப் பார்த்தான். பீஷோய் தரையைப் பார்த்தான்.

இப்போது கத்தலாம், பழைய கதையைச் சொல்லலாம். சொன்னால், தோற்றவள் புலம்புகிறாள் என்பார்கள். அவர் வருத்தமாகத் தலையாட்டிவிட்டு, 'பாவம், அப்பவே கொஞ்சம் உணர்ச்சிவசப்படற பொண்ணு' என்பார். பத்து வருஷமாக இந்த ஆளின் வாய்க்குள் என்ன போகும் என்று அவளுக்குத் தெரியும். என்ன போனால் என்ன வெளியே வரும் என்பதும் தெரியும்.

உள்ளே போனாள். மூடி வைத்திருந்த பாத்திரத்தைத் திறந்தாள். அம்மாவின் கைப்பக்குவத்தில், அடியில் ஆட்டெலும்பு போட்டு, எலுமிச்சை பிழிந்து வேகவைத்த மஷ்ஷி. தட்டு நிறைய அடுக்கிக் கொண்டுபோய் டாக்டர் அஸ்மியின் முன்னால் வைத்தாள்.

"இது உங்களுக்குன்னு தனியா செஞ்சது, டாக்டர். முன்னாடியே சாப்பிட்டிருக்கீங்க. என் வாய்மொழித் தேர்வு அன்னிக்கி. பருத்தி வயல் விமானம், ஞாபகம் இருக்கா?"

அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். விமானம் ஞாபகம் வரவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பெண்ணும் ஞாபகம் வரவில்லை. ஆனால் நாக்கு மறக்கவில்லை.

"அந்த மஷ்ஷி!" என்று கத்தினார். "அட, அது நீங்களா! மேடம் ப்ரூன், இதக் கேளுங்க, இத நீங்க கண்டிப்பா கேக்கணும்!"

"சொல்லுங்க டாக்டர்," என்றாள் இனாஸ், இன்னும் இரண்டை அவர் தட்டில் வைத்தபடி. "நான் சொன்னா அவ்வளவு நல்லாருக்காது."

அவர் சொன்னார். கை வீசி, குரலை ஏற்றி இறக்கி, முழுசாகச் சொன்னார். தாம் மூன்று தட்டுச் சாப்பிட்டதைச் சொன்னார். எழுந்து நின்று, "மஷ்ஷிக்கு நூறு, விமானத்துக்கு அறுபது!" என்று அன்று சொன்ன அதே குரலில் சொல்லிக் காட்டினார். "அன்னிக்கே இந்தப் பொண்ணுகிட்ட இருக்கற திறமைய நான் கண்டுபிடிச்சுட்டேன்!"

டாக்டர் ப்ரூன் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "மாணவங்க தேர்வாளருக்குச் சாப்பாடு கொண்டு வருவாங்களா?"

"எப்பவும்! எங்க விருந்தோம்பல் அப்படி."

"மதிப்பெண் போட்டதுக்கு அப்புறமா?"

"முன்னாடி! அப்புறம்னா ஆறிப்போயிடும்ல?"

சிரிப்பு அவள் உதட்டில் இருந்தது, கண்ணிலிருந்து போய்விட்டது. டாக்டர் அஸ்மி அதைக் கவனிக்கவில்லை. அவர் மஷ்ஷியைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"விமானத்துக்கு ஏன் அறுபது? பறக்கலையா?"

"பறந்துச்சு, பறந்துச்சு. அதுவா முக்கியம்? யோசிச்சுப் பாருங்க மேடம். நான் தொண்ணூறு போட்டிருந்தா இவங்க வகுப்புல முதலாவதா வந்திருப்பாங்க. இங்கயே உதவி ஆசிரியரா உக்காந்து எங்களோட சேந்து நாசமாப் போயிருப்பாங்க. அறுபது போட்டேன், இப்பப் பாருங்க, முதலாளி! நான்தான் காப்பாத்தினேன்."

"அப்ப அந்த வருஷம் முதலாவதா வந்தது யாரு?"

டிக்கெட் கடைக்காரன் இருமினான். அது எச்சரிக்கை இருமல். கஃபர் நூரில் பிறந்த எவனுக்கும் புரியும். டாக்டர் அஸ்மிக்கும் வேறொரு நாளில் புரிந்திருக்கும்.

"என் பையன் ஷெஹாப்!" என்றார் பெருமை பொங்க. "இப்ப கனடால இருக்கான்."

டாக்டர் ப்ரூன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு ஒற்றை விரலால் தன் தட்டைத் தள்ளினாள், கொஞ்சம் தூரம். பேசாமல் எழுதுகிறவரும் தள்ளினார். ஸ்பானியப் பேராசிரியர் வாயில் புறாக்காலோடு உட்கார்ந்திருந்தார். விழுங்குவதா எடுப்பதா என்று அவருக்கு விளங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சாபிர் மாமா தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார். எல்லோரும் தம்மையே பார்ப்பதைக் கண்டு, கேள்வி தமக்குத்தான் என்று நினைத்து, நிமிர்ந்து நின்று, "ரெண்டாவது: குழுவோடு சேர்ந்து நேர்மையாக உழைப்பான்!" என்றார்.

"நன்றி," என்றாள் டாக்டர் ப்ரூன். "டாக்டர் ஜஹ்ரான், கடைசி வருஷச் செயல்திட்டங்களுக்கு யார் யார் மதிப்பெண் போட்டாங்கன்னு பாக்கணும். இவங்க வருஷத்துலேருந்து. இப்பவே போகலாமா? சாப்பாடு போதும்."

அப்போதுதான் டாக்டர் அஸ்மிக்கு விளங்கியது. என்ன சொன்னோம் என்பது அல்ல, அதில் என்ன தப்பு என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. யாரிடம் சொன்னோம் என்பது விளங்கியது. அவர் இனாஸைத் திரும்பிப் பார்த்தார். பத்து வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"இன்னும் ரெண்டு வைக்கட்டுமா டாக்டர்?" என்றாள் இனாஸ்.

அங்கீகாரம் கிடைத்தது, ஆனால் குறைந்த காலத்துக்கு, ஏகப்பட்ட நிபந்தனைகளோடு. மாணவர்களுக்குப் பாதகமில்லை. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூர்த் தேர்வாளர்கள் வர வேண்டும் என்றார்கள். உறவினர் போட்டியில் இருந்தால் ஆசிரியர் அந்த வருஷம் யாருக்கும் மதிப்பெண் போடக் கூடாது என்றார்கள். டீன் நாற்காலி பாசனத் துறைப் பேராசிரியருக்குப் போனது. அவருக்குச் சர்க்கரை வியாதி, எதையும் சாப்பிட மாட்டார்.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. தேர்வு நடக்கும் இடத்தில் தண்ணீர் தவிர எதுவும் பரிமாறக் கூடாது.

"பாதித் தொழில் போச்சு," என்றான் மித்ஹத், வேன் சாவியைக் கொக்கியில் மாட்டியபடி. "அந்த ஆளக் கவுக்கறதுக்கு நம்ம உலையையே கவுத்துட்டே, பாஷ்முஹந்திஸா."

"கவுந்தது கவுந்ததுதான். கல்யாண விருந்து பிடிப்போம்."

"வருத்தமில்லையா உனக்கு?"

இனாஸ் யோசித்துப் பார்த்தாள். இருக்கிறதா என்று நெஞ்சுக்குள் கைவிட்டுத் துழாவியும் பார்த்தாள். அகப்படவில்லை.

"இல்ல," என்றாள். "டாக்டர் வீட்டுக்கு ஒரு தட்டு மஷ்ஷி கட்டு. இன்னிக்கிப் புது டீன் பதவியேத்துக்கற நாள், பாவம், வீட்டுல தனியா இருப்பாரு. நம்ம அன்பளிப்புன்னு குடு."

பீஷோய் பெரிய தட்டை இறக்கினான். "நூறு வைக்கட்டுமா?"

"அறுபது."

மித்ஹத் கொண்டுபோனான். பொழுது சாயும் நேரத்தில்தான் திரும்பி வந்தான். இனாஸ் கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. மூடியத் தொறந்தாரு. எண்ணினாரு."

"அப்புறம்?"

"மறுபடியும் எண்ணினாரு."